வெந்நி வந்துட்டா?

அன்றைக்குக் காலையில் நான் பிடித்து வைத்தது இரண்டு வாளி, ஒரு அண்டா, மகன் கைக்குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டிய பிளாஸ்டிக் தொட்டி, அப்புறம் குக்கரிலிருந்து பால் காய்ச்சும் பாத்திரம் வரை வீட்டில் வாய் அகன்றிருந்த எல்லாம். அத்தனையிலும் வெந்நீர். 2024 பிப்ரவரி 8, வியாழக்கிழமை. ஐஸ்லாந்தின் தென்மேற்கு மூலையில், கெப்லாவிக் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள நியார்ட்விக்கில் எங்கள் வீடு. காலை ஆறு மணி வாக்கில் சுண்ட்னூகுர் பக்கம் நிலம் பிளந்து எரிமலை பொங்க ஆரம்பித்தது. எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்தே வானம் செங்கல் சூளை மாதிரி தெரிந்தது. சில மணி நேரத்தில் லாவா வந்து எங்கள் ஊர்களுக்கு வெந்நீர் கொண்டுவரும் பெரிய குழாயை உடைத்துவிட்டது. தொட்டிகளில் இருப்பது சில மணி நேரத்துக்குத்தான் வரும், சிக்கனமாக இருங்கள் என்று அறிவிப்பு வந்தது. நான் அதைப் படித்து முடித்ததும் நேராகப் போய்க் குழாயைத் திறந்தேன்.

கோவில்பட்டியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் தண்ணீர் வாரம் ஒரு தடவை வரும், கோடையில் பத்து நாளைக்கு ஒரு தடவை. நடுராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் யாராவது ஒரு வீட்டில் விளக்கு எரியும், அந்த வெளிச்சத்தைப் பார்த்து அடுத்த வீடு எழுந்துகொள்ளும். நின்றுவிடப் போகிறது என்று தெரிந்த தண்ணீரைப் பிடிக்காமல் விட்டவளைச் சமர்த்து என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். சிக்கனமாக இருங்கள் என்று ஐஸ்லாந்துக்காரர்கள் சொன்னது என் காதில் ஏறும்போதே 'பிடித்து வை' என்று மாறிவிட்டது.

மத்தியானம் மூன்று மணிக்கு அண்டாவுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். சூடு போய்விட்டிருந்தது. பச்சைத் தண்ணீர் குழாயில் எப்போதும்போல் வந்துகொண்டுதான் இருந்தது. அது வேறு லைன், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக நான் செய்த காரியம் என்னவென்றால், இருபதாயிரம் பேருக்கு மேல் பங்குபோட வேண்டிய சூட்டில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் சமையலறையில் வைத்து ஆறவிட்டிருக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு ரேடியேட்டர் பத்து நிமிஷம் முன்னாடியே குளிர்ந்திருக்கும், அவ்வளவுதான். பெரிய குற்றமெல்லாம் இல்லை. ஆனாலும் இந்த விஷயம் இத்தனை நாள் கழித்தும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. குழாய், ரோடு, திரும்பக் கட்டுவது என்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் அந்த அண்டாதான் ஞாபகத்துக்கு வருகிறது.

2,500 வாட்

இங்கே வீடு சூடாக இருப்பது மின்சாரத்தாலோ கேஸாலோ அல்ல. ஸ்வார்ட்செங்கி என்ற இடத்தில், எங்களிடமிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, பூமிக்குள் ஆழமாகத் துளைபோட்டு நீராவி எடுக்கிறார்கள். கீழிருந்து வரும் தண்ணீர் கடல்நீர் கலந்த உப்புத் தண்ணீர், அதை அப்படியே வீட்டுக் குழாயில் விட முடியாது. அதன் சூட்டை வைத்து நல்ல தண்ணீரைக் காய்ச்சி ஊர்களுக்கு அனுப்புகிறார்கள். 1970-களிலிருந்து இந்த ஏற்பாடு. அந்தத் தண்ணீர்தான் அறைக்கு அறை ரேடியேட்டருக்குள் ஓடுகிறது, அதுதான் குளிக்கிற குழாயிலும் வருகிறது. அன்றைக்கு இரவு போனில் இதை அம்மாவுக்கு விளக்கியபோது அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மலை வெடிக்கிற எடத்துலயேவா தண்ணி காய்ச்சுதாங்க?" என்றாள். ஆமாம் என்றேன். அங்கே சூடு இருப்பதால்தான் காய்ச்சுகிறார்கள், அங்கே சூடு இருப்பதால்தான் வெடிக்கவும் செய்கிறது. "நல்லா இருக்கு போ" என்றாள் அம்மா. இத்தனை வருடமாக வெயில் பார்க்காத நாட்களிலும் அரைக்கை நைட்டியோடு வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்த எனக்கு, அந்தச் சொகுசும் இந்த நெருப்பும் ஒரே அடுப்பிலிருந்து வருகிறது என்று உறைத்தது அந்தப் பேச்சில்தான்.

அடுத்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் நடந்தது ஒரு கணக்குப் பாடம். கடைகளில் மின்சார ஹீட்டர் தீர்ந்துபோயிருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு வழியாக ஒன்றே ஒன்று வாங்கி வந்தார். அதையும் இஷ்டத்துக்குப் போட முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஹீட்டர் போட்டால் ஊர் மின்கம்பிகள் தாங்காது, ஒரு வீடு மொத்தமாக 2,500 வாட்டுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். கெட்டில் 2,000 வாட். அடுப்பில் பெரிய வளையம் கிட்டத்தட்ட அதே அளவு. சோறு வைக்க வேண்டுமென்றால் ஹீட்டரை அணைக்க வேண்டும். ஹீட்டரை அணைத்தால் பத்து நிமிஷத்தில் மகன் ஜாக்கெட்டைத் தேடுவான். நாலு விசில் வருகிறவரைக்கும் மூன்று பேரும் குக்கரைச் சுற்றி நின்றோம், கை காய்ச்சிக்கொண்டு. வெளியே மைனஸ் ஏழு, எட்டு. சனிக்கிழமை காலையில் எங்கள் ஹாலில் 12 டிகிரி.

"என்னம்மா, வெந்நி வந்துட்டா?" தினம் இரண்டு தடவை போன்.

"இன்னும் இல்லம்மா."

"பிடிச்சு வச்சிருந்தியே?"

"ஆறிப்போச்சும்மா."

"ஆறினா அடுப்புல வச்சுக்கோயேன், இதுல என்ன இருக்கு?"

2,500 வாட் கணக்கை அவளுக்குச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஒரு குழாய்

இப்படி ஒரு நாள் வரலாம் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தார்கள். ஸ்வார்ட்செங்கிக்குப் பக்கத்து மீன்பிடி ஊர் கிரிண்டாவிக். அங்கே நிலம் நடுங்கிப் பிளந்ததால் 2023 நவம்பர் 10-ஆம் தேதி இரவு ஊரையே காலி செய்தார்கள். அடுத்த சில நாளிலிருந்தே ஸ்வார்ட்செங்கியைச் சுற்றிக் கல்லும் மண்ணும் கொட்டித் தடுப்புக் கரை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெரிய குழாய் தரைக்கு மேலே போவது. லாவா வந்தால் அதற்கு வழியில்லை. அதனால் ஆபத்தான இடத்தில் மட்டும் இன்னொரு குழாயை மண்ணுக்கு அடியில் புதைத்து மாற்று வழியாக வைத்திருந்தார்கள். லாவா நம்ப முடியாத அளவுக்குச் சூட்டைக் கடத்தாத பொருள். மேலே தகதகவென்று ஓடினாலும் நடுவில் போதுமான மண் இருந்தால் கீழே புதைந்த குழாய் பிழைத்துக்கொள்ளும், அதற்குள் தண்ணீரும் ஓடிக்கொண்டே இருந்தால் இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமை இந்தப் புதைத்த குழாயை இணைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. நாங்கள் ரேடியேட்டர் வால்வைத் திறந்து வைத்துவிட்டு, மூன்று பேரும் ஒரே அறையில், இருந்த கம்பளி எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு படுத்தோம். காலையில் எழும்போது அறை சூடாக இருக்கும் என்று மகனிடம் சொல்லியிருந்தேன்.

நடுராத்திரியில் எழுந்து ரேடியேட்டரைத் தொட்டேன். ஒன்றுமில்லை. மறுபடி நாலு மணிக்குத் தொட்டேன். விடிந்ததும்தான் தெரிந்தது: புதைத்து வைத்திருந்த அந்தக் குழாயும் லாவாவுக்கு அடியில் எங்கேயோ போய்விட்டது. மேலே இருப்பது புத்தம்புதிய லாவா. தோண்டிப் பார்க்கவும் முடியாது, எந்த இடத்தில் உடைந்தது என்று தேடவும் முடியாது. உடைந்த குழாய் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் தெருவில் குழி தோண்டி, மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்து, சட்டையைக் கழற்றிவிட்டு ஒருவர் உள்ளே இறங்குவதுதான். இறங்கவே முடியாத குழியை அன்றைக்குத்தான் யோசித்துப் பார்த்தேன்.

அப்புறம் அவர்கள் செய்தது, புதைந்ததை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டதுதான். சனிக்கிழமையே வேலை தொடங்கிவிட்டது. லாவா போன இடத்தைத் தாண்டி, இந்தத் தடவை தரைக்கு மேலாகவே, துண்டு துண்டாகக் குழாய்களைக் கொண்டுவந்து இறக்கி வெல்டிங் வைத்தார்கள். ராத்திரி பகல் பார்க்கவில்லை. பிப்ரவரிக் குளிரில், காற்றில், பக்கத்தில் இன்னும் புகைந்துகொண்டிருக்கும் கல்லுக்கு அருகே. 12-ஆம் தேதி, திங்கட்கிழமை, தண்ணீரை மெதுவாகத் திறந்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. முதலில் சத்தம்தான் வந்தது, வயிறு பொருமுகிற மாதிரி ரேடியேட்டருக்குள் ஒரு கடமுடா. உள்ளே காற்று அடைத்திருந்தது. பக்கவாட்டில் இருக்கும் சின்னத் திருகைச் சாவியால் கால் சுற்றுத் திருப்பினேன். புஸ்ஸென்று காற்று போயிற்று, பிறகு எச்சில் துப்புகிற மாதிரி நாலு சொட்டு, பிறகு கையைச் சுட்டது. அம்மாவுக்கு நானே போன் செய்தேன்.

"வந்துட்டு!"

"எல்லாத்துலயும் பிடிச்சு வச்சிட்டியா?" என்றாள்.

நான்கு நாள். எங்கள் ஊரில் குழாய் போடத் தோண்டின ரோட்டை மூடவே ஒரு தீபாவளியிலிருந்து அடுத்த தீபாவளி வரை ஆன கதையைப் பார்த்தவள் நான். எரிமலை மேல் வந்து உட்கார்ந்த குழாயை நான்கு நாளில் போட்டுவிட்டார்கள் என்பதை வாட்ஸ்அப்பில் எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன் என்று கணக்கில்லை. மறுநாள் வேலைக்குப் போனதும் அக்காவிடமும் அதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அக்கா

அக்கா என்று நான் எழுதுவது என்னோடு சமையல்கூடத்தில் வேலை பார்க்கும் ஒருவரை. இங்கே எழுபது வயதானவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். ஆனால் தமிழில் எழுதும்போது கை தானாக அக்கா என்றுதான் எழுதுகிறது. கிரிண்டாவிக்காரர். நவம்பர் 10 இரவு, ஒரு பை, மருந்து டப்பா, பூனை, இவற்றோடு காரில் ஏறியவர். ஊரில் இருந்த கிட்டத்தட்ட 3,800 பேரும் அந்த ஒரே இரவில் அப்படித்தான் கிளம்பினார்கள். அதிலிருந்து அக்கா நியார்ட்விக்கில் வாடகை வீட்டில் இருக்கிறார். அந்த நாலு நாளும் எங்களைப் போலவே அவரும் குளிரில்தான் இருந்தார்.

நாலே நாளில் போட்டுவிட்டார்கள் பார்த்தீர்களா என்று நான் சொன்னதும், அக்கா உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை. "உங்களுக்கு உடைந்தது ஒரு குழாய்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. குத்திக்காட்டுகிற குரலும் இல்லை. கணக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அவர் சொன்னதன் முழு அர்த்தம் எனக்கு விளங்கப் பல மாதம் ஆயிற்று. கிரிண்டாவிக்குக்கு அடியில் நடந்தது வேறு. அங்கே ஊரையே தாங்கியிருந்த தரை பிளந்து ஒரு பக்கம் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு ஓடும் குடிநீர்க் குழாய், வெந்நீர்க் குழாய், சாக்கடை, கேபிள் எல்லாம் தரையோடு சேர்ந்து இழுபட்டன. ஓர் இடத்தில் அடைத்தால் இன்னோர் இடத்தில் கசியும், அதைப் பிடிப்பதற்குள் அடுத்த நடுக்கம் வந்துவிடும். 2024 ஜனவரி 10-ஆம் தேதி ஒரு தோட்டத்துப் பக்கம் விரிசலில் மண் நிரப்பிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி அந்த விரிசலுக்குள்ளேயே போய்விட்டார். இரண்டு நாள் தேடினார்கள். கயிற்றில் இறங்கித் தேடியவர்களுக்கும் உயிர் ஆபத்து என்று ஆனதும் நிறுத்திவிட்டார்கள். அவர் கிடைக்கவே இல்லை. அடுத்த இரண்டாம் நாள், 14-ஆம் தேதி, தடுப்புக் கரைக்கு இந்தப் பக்கம், ஊர் எல்லையிலேயே நிலம் பிளந்து லாவா வந்து மூன்று வீடுகள் எரிந்தன. டிவியில் நேரடியாகக் காட்டினார்கள். லாவா நெருங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஓடிப்போய் புல்டோசர்களையும் எக்ஸ்கவேட்டர்களையும் ஸ்டார்ட் செய்து ஓட்டிக்கொண்டு வந்தவர்களையும் காட்டினார்கள். அக்கா அன்றைக்கு அதை எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்துதான் பார்த்தார். எரிந்த மூன்றில் அவருடையது இல்லை. "என் வீடு நன்றாக இருக்கிறது, அதுதான் கஷ்டம்" என்றார்.

அந்த மாதக் கடைசியில் பிளம்பர்கள் குழுக் குழுவாக கிரிண்டாவிக்குக்குள் போனார்கள். ஆளில்லாத வீடுகளில் குழாய் உறைந்து வெடித்துவிடாமல் சூட்டைத் தக்கவைக்கும் வேலை. அக்கா வீட்டிலும் ஒருவர் போய் ரேடியேட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். யாரும் இல்லாத ஹாலில், யாரும் இல்லாத படுக்கையறையில் வெந்நீர் ஓடுகிறது என்று அக்கா சொன்னபோது, அப்போது எனக்கு அது வீண் செலவாகத்தான் பட்டது. பிப்ரவரியில் எங்கள் ஹால் 12 டிகிரியில் கிடந்தபோது, உண்மையைச் சொன்னால், அந்த வீண்செலவு ஞாபகம் வந்து எரிச்சலும் வந்தது. அண்டா அண்டாவாகப் பிடித்து ஆறவிட்டவளுக்கு அந்த எரிச்சலுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன்.

இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான். ஸ்வார்ட்செங்கியிலிருந்து நியார்ட்விக் வரும் குழாய்க்கு இரண்டு முனை. இந்த முனையில் வெந்நீர் தயார், அந்த முனையில் இருபதாயிரம் பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காத்திருக்கிறோம். நடுவில் சில நூறு மீட்டர் போயிற்று, அதைப் போட்டுவிட்டால் முடிந்தது. அதற்குக் காசும் கிடைக்கும், ராத்திரியில் வெல்டிங் வைக்க ஆளும் கிடைக்கும். ஓர் ஊருக்கு அடியில் இருப்பது அப்படியில்லை. அதற்கு ஆயிரக்கணக்கில் முனைகள், ஒவ்வொரு முனையிலும் ஒரு வீடு. அந்த வீட்டில் நான் திரும்பிப் போய் இருப்பேன் என்று யாராவது சொன்னால்தான் அந்தக் குழாய்க்கு அர்த்தம். 2024-ல் அரசாங்கம் சட்டம் போட்டு, தீ விபத்துக் காப்பீட்டு மதிப்பில் 95 சதவீதம் கொடுத்து அங்குள்ள வீடுகளை வாங்கிக்கொள்ள முன்வந்தது. 900-க்கும் மேற்பட்ட வீடுகள் அப்படிப் போய்விட்டன. அக்காவும் கொடுத்துவிட்டார். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு எல்லோருக்கும் கேக் வாங்கி வந்திருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

லாவாவுக்கு மேல் ரோடு

கிரிண்டாவிக் ரோட்டை லாவா மூடியது ஒரு தடவை அல்ல. 2024 ஜனவரியில் மூடியது, அப்புறம் பிப்ரவரியில், மார்ச்சில், மே கடைசியில், நவம்பரில். ஒவ்வொரு தடவையும் ரோடு போட்டார்கள். போடுகிற விதம் பார்க்க எளிதாகத்தான் இருக்கிறது. மேலே ஓடு கட்டியதும் புல்டோசர் ஏறும். ஓட்டுக்கு அடியில் பல மாதத்துக்கு, தடிமனான இடத்தில் பல வருடத்துக்கு, சூடு அப்படியே இருக்கும். ஆனால் ஓடு தாங்கும். துருத்திக்கொண்டிருப்பதை உடைத்து, பள்ளத்தை நிரப்பி, மேலே ஜல்லியை அடுக்கடுக்காகப் பரப்பி ரோலர் ஓட்டினால் ஒரு வழி கிடைத்துவிடுகிறது. ஜல்லிக்கும் பஞ்சமில்லை, நாடே கருங்கல். குழாய் போடுவதுதான் சங்கடம். ரோடு சூட்டைப் பொறுத்துக்கொள்ளும், பிளாஸ்டிக் குழாய் பொறுக்காது.

ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரே கேள்விதான்: மறுபடியும் வரப்போகிறது என்று தெரிந்தே ஏன் போடுகிறார்கள்? ஒரு தடவை அக்காவிடமே கேட்டுவிட்டேன். "பனி மறுபடி பெய்யும் என்று தள்ளாமல் விடுகிறோமா?" என்றார். கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒட்டவில்லை. பனி உருகிப் போகும். இது போகாது, ரோடு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டுதான் போகும். அதோடு, எல்லாத் தெருவிலும் பனி தள்ளுவார்கள். லாவா ரோட்டை எல்லா இடத்துக்கும் போடுவதில்லை. இந்த ரோட்டின் வழியில் ஸ்வார்ட்செங்கி மின்நிலையம் இருக்கிறது, உலகம் முழுக்க ஆட்கள் வந்து முங்கிக் கிடக்கும் ப்ளூ லகூன் என்ற வெந்நீர்க் குளம் இருக்கிறது, கடைசியில் கிரிண்டாவிக் துறைமுகமும் மீன் கம்பெனிகளும் இருக்கின்றன. ஆட்கள் போய்விட்டாலும் அவற்றுக்கு ரோடு வேண்டும். இதைத் தப்பென்று சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் ரோடு திறந்தாயிற்று என்ற செய்தியைப் பார்த்து ஊர் திரும்பிவிட்டது என்று நினைக்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. என் வீட்டுக்காரர் அதில் முதல் ஆள்.

நவம்பர் 20 இரவு ஏழாவது தடவையாக வெடித்தபோது ப்ளூ லகூனின் கார் நிறுத்துமிடத்தை லாவா மூடியது. எங்கள் குழாயின் மேலேயும் மறுபடி ஏறியது. அதற்குள் அந்தக் குழாயை நன்றாக மண்ணால் மூடி வைத்திருந்தார்கள். இந்தத் தடவை தாங்கிவிட்டது. மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் முன் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. வாளியை எடுக்கவில்லை. கை வாளிப் பக்கம் போகவில்லை என்று சொன்னால் பொய்.

அக்காவின் வீட்டுக்காரர் வெஸ்ட்மன் தீவுகளில் ஹெய்மேயில் பிறந்தவர். 1973 ஜனவரி 23 அதிகாலை அங்கே எரிமலை வெடித்தபோது அவருக்கு ஏழு வயது. மீன்பிடிப் படகுகள் முந்தின நாள் புயலால் துறைமுகத்திலேயே நின்றிருந்ததால் ஐயாயிரத்துச் சொச்சம் பேரில் கிட்டத்தட்ட எல்லோரையும் ஒரே இரவில் கரை சேர்த்துவிட்டார்கள். சுமார் 400 வீடுகள் போயின. துறைமுகத்தை லாவா அடைத்துவிடாமல் இருக்க மாதக்கணக்கில் கடல்நீரை இறைத்து அதைக் குளிரவைத்தார்கள். அந்தக் கதை ஐஸ்லாந்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் இருந்தது அடுத்த பகுதி. ஊருக்குத் திரும்பி வந்த பிறகு அந்த லாவாவின் சூட்டிலேயே தண்ணீரைக் காய்ச்சி, குழாய் போட்டு, வீடுகளுக்கு அனுப்பினார்களாம். பத்து வருடத்துக்கு மேல் ஓடியது அந்த ஏற்பாடு, லாவா ஆறுகிறவரைக்கும். "எங்கள் தெருவைத் தின்ற லாவாவில்தான் குளித்தேன்" என்று அவர் சிரிப்பார். அக்கா சிரிக்க மாட்டார். "அந்த ஊரில் தரை அதே இடத்தில் இருந்தது" என்பார். இந்தப் பேச்சு அவர்களுக்குள் பல தடவை நடந்திருக்கிறது போலும், இரண்டு பேரும் வசனம் மாறாமல் சொல்கிறார்கள்.

2025 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வீட்டை விற்றுவிட்டாலும் அதைப் பார்த்துக்கொள்ளும் உரிமையைப் பழைய சொந்தக்காரர்களே ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொள்ளலாம். அக்கா அப்படி வைத்திருக்கிறார். பழைய ரோட்டில் நேராகப் போய்க்கொண்டே இருந்தோம், திடீரென்று கார் ஏறியது. மேட்டில் ஏறுகிற மாதிரி இல்லை, வீட்டு மாடிக்குப் போகிற மாதிரி. இரண்டு பக்கமும் உழுதுபோட்ட கரிசல் மாதிரி கருப்பு, கண்ணுக்கு எட்டினவரை. எங்கள் பக்கத்துக் கரிசல் காட்டை மார்ச்சில் பார்த்தால் இப்படித்தான் இருக்கும், கட்டி ஒவ்வொன்றும் கார் அளவு இருக்காது என்பதுதான் வித்தியாசம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அங்கங்கே லாவாவிலிருந்து ஆவி எழும்பியது. நமக்குக் கீழே பழைய ரோடு அப்படியே கிடக்கிறது, வெள்ளைக் கோடு, போர்டு எல்லாமாக, என்று அக்கா சொன்னார். நான் காலைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டேன். முட்டாள்தனம்தான்.

ஊருக்குள் சில இடங்களில் வேலி போட்டிருந்தார்கள். சில தெருவில் தாருக்கு நடுவே ஜல்லி நிரப்பின பட்டை ஒன்று குறுக்கே போனது, ஆபரேஷன் தழும்பு மாதிரி. துறைமுகத்தில் ஒரு படகிலிருந்து மீன் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. அக்கா வீட்டுத் தெருவில் எங்கள் கார் மட்டும்தான்.

வீட்டுக்குள் பழைய வாசனை எதுவும் இல்லை. சாமான்களும் பெரும்பாலும் போய்விட்டன. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, நேராக ஒவ்வொரு அறையாகப் போய் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார். மூன்று அறையில் வெதுவெதுப்பு. சமையலறையில் மட்டும் மேல்பாதி ஜில்லென்று இருந்தது. காற்று அடைத்திருக்கிறது என்றார். சாவி எங்கே என்று இழுப்பறைகளைத் திறந்து தேடினார், இழுப்பறைகள் காலி. என் சாவிக்கொத்தில் ஒன்று உண்டு. அந்த பிப்ரவரிக்குப் பிறகு அதை நான் எங்கேயும் விட்டுவிட்டுப் போவதில்லை. எடுத்துக் கொடுத்தேன். அக்கா கால் சுற்றுத் திருப்பினார். புஸ்ஸென்றது. நாலு சொட்டு தரையில் விழுந்தது, சட்டைக் கையால் துடைத்தார். இரண்டு பேரும் அந்த ரேடியேட்டர் மேல் கையை வைத்துக்கொண்டு, சூடு மேலே ஏறுகிறவரை நின்றோம்.

என் போன் அடித்தது. கோவில்பட்டியில் அப்போது சாயங்காலம்.

"எங்கம்மா இருக்க?"

"ஒரு அக்கா வீட்டுலம்மா."

"அங்க தண்ணியெல்லாம் வருதா?"

வருது என்றேன்.